மாலை போட்ட ரஷ்ய மாளிகை

எங்கள் வீட்டுக்கு முதன்முறை வருகிறவர்கள் சாமி படங்களைக் கும்பிட்டுவிட்டு, பக்கத்தில் மாலையோடு தொங்குகிற பெரிய படத்தைப் பார்த்ததும் திகைத்துப்போவார்கள். அதில் ஆள் முகம் கிடையாது. மஞ்சள் சுவரும் வெள்ளைத் தூண்களுமாக ஒரு மாளிகை, முன்னால் ஒரு குளம், இரண்டு பக்கமும் வரிசையாக நெடிய மரங்கள், அந்தி வெளிச்சம். ரஷ்யாவில் யாரோ ஒரு பிரபுவின் கிராமத்து எஸ்டேட்டாம். வரைந்தவர் யாரென்று எங்களுக்குத் தெரியாது. "இது யாருங்க?" என்று தயங்கித் தயங்கிக் கேட்பவர்களிடம் அம்மா, "எங்க வீட்டுக்காரரு" என்பாள்.

அப்பா தேயிலைத் தோட்டத்துப் பங்களாவில் அப்புவாக இருந்தார். சமையலும் அவர்தான், மேசையில் பரிமாறுவதும் அவர்தான். சின்ன வயதில் நான் குசினிக் கதவருகே உட்கார்ந்து அவர் அடுப்படியில் நின்று தேத்தண்ணி குடிப்பதைப் பார்த்திருக்கிறேன். பாதி குடிப்பதற்குள் சாப்பாட்டு அறையிலிருந்து மணி அடிக்கும். கோப்பையை அப்படியே வைத்துவிட்டு ஓடுவார். மிச்சத்தை நான் குடிப்பேன்.

தோட்டத்தை நிர்வகிக்கும் தொரைமார் மாறி மாறி வந்தார்கள். அவர்களில் ஒருவர் ரஷ்யாவில் படித்தவர். அவர் மாற்றலாகிப் போகும்போது, என்ன வேண்டுமோ கேள் என்று அப்பாவிடம் சொன்னாராம். வேறு யாராவது என்றால் ரேடியோவையோ கட்டிலையோ கேட்டிருப்பார்கள். எங்கள் அப்பா, அவர் அங்கிருந்து கொண்டுவந்து சாப்பாட்டு அறையில் மாட்டியிருந்த இந்தப் படத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். "திங்கவா, உடுத்தவா?" என்று அம்மா ஒரு வாரம் சட்டி பானையோடுதான் பேசினாள்.

படத்தின் இடது ஓரத்தில், மாளிகையின் பின்பக்கம் போகிற பாதையில், ஒருவன் இரண்டு வாளித் தண்ணீரைச் சுமந்துகொண்டு போகிறான். சுண்டுவிரல் நகம் அளவுதான் இருப்பான், அதிலும் முதுகு மட்டும்தான் தெரியும். தினமும் தூசி தட்டித் தட்டி அப்பா அவனைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். "இந்தா போறேன் பாரு, நான்தான். அந்த ஊர்லயும் நமக்குக் குசினிப் பக்கந்தான்" என்று காட்டிக் காட்டிச் சிரிப்பார். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்காது. ஒவ்வொரு தடவையும் சண்டைக்குப் போவேன்.

பிறகு, தொழிலாளர் குடியிருக்கும் எங்கள் லயத்துச் சுவரில் ஈரம் ஊறிப் படத்தின் மூலையில் பூஞ்சணம் பிடித்தது. நான் பதுளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கப் போய் ஓர் அறையை வாடகைக்கு எடுத்திருந்ததால், அப்பா படத்தை அங்கே அனுப்பிவைத்தார். அதனால்தான் அது மிஞ்சியது.

தோட்டத்தில் ஓய்வு கொடுப்பதைப் பேர் வெட்டுவது என்பார்கள். அப்பாவுக்குப் பேர் வெட்டிய அடுத்த வருடம் மழை விடவே இல்லை. ஒரு காலையில் மலை இறங்கி எங்கள் லயத்தை மூடிவிட்டது. அம்மா கொழுந்து பறிக்கப் போயிருந்தாள். அண்ணன் மொனராகலைக்கு வண்டி ஓட்டிப் போயிருந்தான். அப்பா மட்டும் வீட்டில் இருந்தார். எத்தனையோ நாள் தோண்டினார்கள், கிடைக்கவில்லை. கல்யாணப் படம், அடையாள அட்டை எல்லாம் அவரோடு மண்ணுக்குள் போய்விட்டன. என் ஃபோனில் இருந்தது ஒன்றே ஒன்று. படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்று அதிலும் திரும்பிக்கொண்டு முதுகைக் காட்டியிருந்தார். முகத்தைக் காட்டாமலேதான் குறைந்து போச்சே!

லயத்துச் சனத்தைத் தங்க வைத்திருந்த பள்ளிக்கூடத்திலேயே கருமாதி நடந்தது. "உடம்புதான் இல்ல, ஒரு படங்கூட இல்லாம எதுக்கும்மா மாலை போடுறது?" என்று பூசாரி கையைப் பிசைந்தார். அம்மா என்னைக் கூப்பிட்டு, ரஷ்யப் படத்தை எடுத்து வரச் சொன்னாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஒனக்கென்ன பைத்தியமா? ஊரே சிரிக்கும்."

"சிரிக்கிறவங்க சிரிக்கட்டும். நீ போய் எடுத்துட்டு வாடி."

கொண்டுவந்தேன். அம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்து, வாளி சுமக்கிறவனின் தலைக்கு மேலே சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தாள். மாலையை அவள் கையாலேயே போட்டாள். ஒருவரும் சிரிக்கவில்லை. லயத்துச் சனம் வரிசையாக வந்து அந்த மாளிகையைக் கும்பிட்டது. அதுவரை வராத அழுகை அப்போதுதான் எனக்கு வந்தது.

இப்போது இருப்பது அதற்குப் பிறகு கிடைத்த வீடு. வெள்ளிக்கிழமைகளில் படத்துக்குப் பூவும் ஒரு கோப்பை தேத்தண்ணியும் வைக்கிறோம். சாம்பிராணிப் புகையில் ரஷ்யாவின் வானம் கொஞ்சம் மங்கிவிட்டது.

பங்களா ஹோட்டலாகிவிட்டது. ஊர் சுற்ற வருகிற ரஷ்யர்கள் நிறையப் பேர் அங்கே தங்குகிறார்கள். அண்ணன் அங்கேதான் வேன் ஓட்டுகிறான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் படத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறான். போன வெள்ளிக்கிழமை மேனேஜரை அவனே கூட்டிக்கொண்டு வந்து நின்றான். பங்களாவிலிருந்து யார் வந்தாலும் அம்மாவுக்குத் தொரைதான். நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

மேனேஜர் மரியாதையானவர். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். "பங்களாவில இருந்த படந்தானே அம்மா, அங்கேயே இருந்தா நல்லா இருக்கும். ரஷ்யாக்காரங்க பாத்தா சந்தோசப்படுவாங்க. உங்களுக்கு இதே அளவில பிரின்ட் எடுத்து, கண்ணாடி போட்டுத் தர்றேன். இந்தப் பொட்ட மட்டும் பக்குவமா தொடச்சிரலாம்."

அண்ணன் வாசலிலேயே நின்றான். அவன் வேலை அவர் கையில். நான் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வாயெடுத்தேன். அம்மா என் கையை அழுத்திப் பிடித்தாள்.

"எந்த எடத்துல மாட்டுவீங்க தொரை?"

"சாப்பாட்டு ரூம்லதான் அம்மா. பெரிய மேசைக்கு நேர் எதிர்ல. பழைய ஆணிகூட இருக்கு."

அம்மா படத்தின் பக்கம் திரும்பினாள். பிறகு மெதுவாகத்தான் சொன்னாள்.

"அந்த மேசைக்கு எதிர்லதாங்க அவரு காலம் பூரா நின்னாரு. அவருக்குப் பேரு வெட்டியாச்சு தொரை. மறுபடியும் அங்க நிக்கக் கூப்பிடாதீங்க."

மேனேஜர் "சரிங்கம்மா" என்று எழுந்து, போகிற போக்கில் படத்தின் முன்னால் நின்று தலையைக் குனிந்தார். அண்ணனின் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை, இன்றும் அங்கேதான் ஓட்டுகிறான்.

வேன் கிளம்பிப் போனதும், படத்துக்கு வைத்திருந்த தேத்தண்ணி ஆறிப்போயிருப்பதை அம்மா பார்த்தாள். அதை ஊற்றிவிட்டுச் சுடச்சுட வேறொன்று போட்டுக்கொண்டு வந்து வைத்தாள்.

"ஆற அமரக் குடிங்க" என்றாள். "இங்க யாரும் மணி அடிக்க மாட்டாங்க."