தலைவர் உட்காராத நாற்காலி

அப்பா போனபின் வாரிசுச் சான்றிதழுக்காக அம்மாவுடன் அரூர் தாலுகா ஆபீசுக்குப் போயிருந்தேன். எழுத்தர் முத்திரையை ஸ்டாம்ப் பேடில் அழுத்தியதும் எழுந்த ஊதா மை வாசனை, எங்கள் ஊரில் இப்போது இடித்துத் தரைமட்டமாக்கிவிட்ட பழைய பஞ்சாயத்து ஆபீசுக்கு என்னை இழுத்துக்கொண்டு போனது.

பெண்களுக்கு ஒதுக்கிய இடத்தில் ஜெயித்து அம்மா ஐந்து வருடம் அங்கே தலைவர். ஆனால் ஊரே ‘தலைவரே’ என்று கும்பிட்டது அப்பாவை. வெள்ளைத் துண்டு விரித்த அந்தச் சுற்று நாற்காலி, கடகடக்கும் ஃபேன், மழை நாளில் ஓட்டிலிருந்து இறங்கும் மண்வாசம் எல்லாமே அவருடையவை. அம்மா பெயர் பொறித்த முத்திரைகூட அவர் சட்டைப்பையில்தான் கிடக்கும். பள்ளிக்கூடம் விட்டதும் நான் ஓடிப்போய் அந்த நாற்காலியில் ஏறிச் சுற்றுவேன், எல்லோரும் சிரிப்பார்கள். ஃபைல் மட்டும் அம்மாவைத் தேடி மாட்டுக்கொட்டகைக்கு வரும். சாணிக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவாள்.

ஒரு நாள், “என்னான்னு எழுதியிருக்குதுங்க?” என்று கேட்டாள்.

“போடுன்னா போடு” என்றார் அப்பா.

கிராம சபையன்றும் அவள் வெளியே வேப்பமரத்தடியில், மண்தரையில். அப்புறம் எதற்கு அவளுக்கு ஓட்டுப் போட்டார்கள்? நினைக்க நினைக்க ஆத்திரமாக வருகிறது. சிரித்தவர்கள் மேல் மட்டுமா, சுற்றிய என் மேலும்தான்.

திரும்பும்போது பஸ் பஞ்சாயத்து ஆபீஸ் இருந்த காலி இடத்தைத் தாண்டியது. அம்மா என் காதருகே குனிந்து, யாரும் கேட்டுவிடக்கூடாது என்பதுபோல் கேட்டாள்:

“ஏங்கண்ணு, நீ உக்காந்திருக்கியே… அந்தச் சேரு மெத்துன்னு இருக்குமா?”