கொக்கியில் மாட்டிய உலக்கை

என் வீட்டுக்காரருக்குப் பெரிய பக்தியெல்லாம் கிடையாது. கார்த்திகை தீபத்தன்று ஊரே மலை உச்சியைப் பார்த்துக் கைகூப்பி நிற்கும்போது, இவர் மட்டும் குனிந்து ஜெனரேட்டரில் டீசல் எவ்வளவு இருக்கிறதென்று பார்த்துக்கொண்டிருப்பார். ஆனால் ஆயுத பூஜை வந்தால் வேறு மனிதராகிவிடுவார். ஸ்பேனர், பிளேயர், சுத்தியல், டெஸ்டர் எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, சாமி படத்தின் முன் வாழையிலையில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் தானே சந்தனமும் குங்குமமும் வைப்பார். பூஜை முடிந்துவிட்டால் மறுநாள் மறுபூஜை ஆகும்வரை அதில் ஒரு திருப்புளியைக்கூட யாரும் தொடக் கூடாது. அன்றைக்கு அவற்றுக்கு ஓய்வாம். எனக்கும் ஒரு நாள் ஓய்வு கொடுக்கலாமென்று இவருக்குத் தோன்றியதே இல்லை.

திருவண்ணாமலையில் எங்களுக்கு மைக் செட்டும் சீரியல் லைட்டும் ஜெனரேட்டரும் வாடகைக்கு விடும் கடை. கடைக்குப் பின்னாலேயே வீடு. தொண்ணூறுகளின் நடுவில் வந்த ஒரு ஆயுத பூஜை அது. அன்று சாயங்காலம் கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு ரைஸ் மில்லில் பூஜை. மில் முழுக்க லைட் கட்டியாகிவிட்டது, ஜெனரேட்டர் மட்டும் போக வேண்டும். அது இரண்டு சக்கர டிரெய்லர் ஒன்றின் மேல் பொருத்தியிருக்கும். அதை இழுத்துப்போக வேண்டிய எங்கள் ஜீப், காலையில் போளூருக்கு வேறு வேலையாகப் போய், ஆக்சில் உடைந்து அங்கேயே நின்றுவிட்டது. வேறு வண்டி கேட்டால், ஊரிலிருந்த வண்டிக்கெல்லாம் மாலை போட்டு வாழைக்கன்று கட்டி நிறுத்தியிருந்தார்கள். ஒருவரும் வருவதாக இல்லை.

அப்போதுதான் பாண்டிச்சேரியிலிருந்து என் தம்பி வந்து சேர்ந்தான். ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரரிடம் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கியிருந்தான். அதைக் காட்டிப் பெருமையடித்துக்கொள்ளத்தான் வந்தான். சிவப்பு நிறம், இரண்டே சீட், மடக்கிவிடும் துணிக் கூரை. உள்ளே உட்காருவதென்றால் பாயில் உட்காருவது மாதிரி உட்கார வேண்டும். என் வீட்டுக்காரர் அதன் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. நேராகப் பின்னால் போய்க் குனிந்தார். வெள்ளைக்காரர் கடற்கரைக்குப் படகு இழுத்துப்போக, துளை போட்ட இரும்புப் பட்டை ஒன்றைப் பின்னால் பொருத்தி வைத்திருந்தார்.

"மச்சான், சாமியே உன்னை அனுப்பிச்சிருக்குது," என்றார்.

பட்டையின் துளையும் டிரெய்லரின் முன்கம்பியிலிருந்த துளையும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்கார்ந்தன. இரண்டையும் சேர்த்துக் கோக்க வேண்டிய கொக்கிப் பின்தான் கையில் இல்லை. அது எங்கேயும் போய்விடவில்லை. சாமி படத்துக்கு முன்னால், வாழையிலையில், குங்குமப் பொட்டோடு படுத்திருந்தது.

"எடுத்தாரட்டுமாங்க?" என்றேன்.

"இன்னா பேசற நீ? பூசையில வெச்சதை எடுக்கக் கூடாது."

"கற்பூரத்தைக் காட்டி, மன்னிச்சுக்கோனு சொல்லிட்டு எடுக்கலாமே."

"வாணாம்னா வாணாம்."

வேறு எதையாவது மாட்டலாமென்றால் வீட்டிலிருந்த இரும்பெல்லாம் இலைமேல்தான் இருந்தது. கடைசியில் சமையலறைக்குள் போய், இஞ்சி இடிக்கிற சின்ன உரலின் இரும்பு உலக்கையை எடுத்து வந்தார். காலையில் வடைக்கு இடித்துவிட்டு நான் கழுவாமல் போட்டிருந்ததால், அது மட்டும் பூஜைக்குப் போகவில்லை. மேலே குண்டு, கீழே ஒல்லி. துளையில் நச்சென்று இறங்கியது. அது எழும்பாமலிருக்கக் கம்பி சுற்றி முறுக்க வேண்டும், முறுக்கப் பிளேயர் வேண்டும், பிளேயரும் பூஜையில். கொல்லையில் நான் துணி காயப்போடுகிற நைலான் கொடியை அவிழ்த்து வந்து சுற்றிக் கட்டினார்.

"இதை நம்பிப் போவணுமா? உங்களுக்குப் பைத்தியம் புடிச்சிருக்குதா?" என்று கத்தினேன்.

"மெதுவாப் போனா ஒண்ணியும் ஆவாது. நீயும் கார்ல குந்து. பின்னாடி பாத்துக்கினே வா. உலக்க மேல வந்துச்சுன்னா சொல்லு."

அவர் டிரெய்லரில் ஏறி, ஜெனரேட்டருக்கு முன்னாலிருந்த பலகையில் உட்கார்ந்துகொண்டார். முன்பாரம் கம்மியானால் டிரெய்லர் ஆடுமாம். உலக்கை கழன்றால் ரோட்டில் விழப்போவது யார் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் உட்கார்ந்தார்.

நான் சீட்டில் பின்பக்கம் திரும்பி மண்டியிட்டு, சாய்மானத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். பஜாரே வேடிக்கை பார்த்தது. டீக்கடையில் ஒருவர், "தேரு கிளம்பிடுச்சுடோய்!" என்று குரல் கொடுத்தார். வேறொரு நாளாயிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன். அன்று என் கண் உலக்கையின் தலையை விட்டு நகரவில்லை.

அந்தக் காருக்கு மெதுவாகப் போகத் தெரியவில்லை. மிதித்தால் பாயும், விட்டால் உதறும். உதறும்போதெல்லாம் டிரெய்லர் வந்து இடிக்கும். இடிக்கும்போதெல்லாம் உலக்கை விரலகலம் எழும்பி மறுபடி உட்காரும். எனக்கு எதிரே, கை நீட்டினால் எட்டாத தூரத்தில், அவர் சட்டைக் காலர் பறக்க உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். இந்த மனிதருக்கு ஏதாவது ஆகிவிட்டால் நான் என்ன செய்வேன் என்ற நினைப்பு வந்ததும் சாய்மானத்தை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

ஊரைத் தாண்டி ஓர் இறக்கத்தில் போகும்போது கொடியின் முடிச்சு தளர்வதைப் பார்த்தேன். "எழும்புதுங்க! எழும்புது!" என்று கத்தினேன். கார் போட்ட சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. கையை ஆட்டினார்.

"டேய், நிறுத்துடா!"

"இறக்கத்துல பிரேக்கு புடிச்சா அது வந்து நம்ம மேல ஏறிடும்க்கா. சமதரைக்குப் போய் நிறுத்தறேன்," என்றான் தம்பி.

சமதரை வந்தது. கூடவே ஒரு கிராமத்துக் கடைவரிசையும் வந்தது. பூஜை முடித்து ஒவ்வொரு கடைக்காரரும் வாசலில் பூசணிக்காய் உடைத்திருந்தார். குங்குமம் கலந்த சதையும் விதையும் ரோடெல்லாம் கிடந்தன. வருஷா வருஷம் அதில் வழுக்கி சைக்கிள்காரர்கள் விழுவதுண்டு. தம்பி பிரேக்கை மிதித்தான். காரின் பின்பக்கம் பக்கவாட்டில் வழுக்கியது. டிரெய்லர் முட்டித் தள்ளியது. உலக்கை துளையிலிருந்து துள்ளி வெளியே வந்து, ரோட்டில் கணீரென்று விழுந்தது.

இனிமேல் என் துணிக்கொடி மட்டும்தான். அது இழுபட்டது, நீண்டது, கொஞ்ச தூரம் தாங்கியது. முன்கம்பி தரையில் உரசித் தீப்பொறி பறந்தது. அப்போது அவர் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு போயிருந்தது. ரோட்டைப் பார்க்காமல் என்னையே பார்த்தார். பிறகு கொடி அறுந்தது. கம்பி தரையில் குத்தி, டிரெய்லர் திரும்பி நின்றுவிட்டது. அவர் பலகையிலிருந்து பறந்து ரோட்டோரம் போய் விழுந்தார்.

கார் நிற்பதற்குள் நான் இறங்கி ஓடினேன். செருப்பு எங்கே போனதென்று தெரியாது. ரோட்டோரத்தில் யாரோ மல்லாட்டைக் கடலை பறித்துவிட்டு அந்தச் செடிகளைக் குவித்து வைத்திருந்தார்கள். அந்தக் குவியலில் அவர் மல்லாக்கக் கிடந்தார். முழங்கை தோலுரிந்திருந்தது, முட்டியில் ரத்தம். கண்ணைத் திறந்தார்.

"உலக்க கெடச்சுதா?" என்று கேட்டார்.

கடைக்காரர்களெல்லாம் பார்க்க, அவர் தோளில் ஓங்கி ஓர் அறை வைத்தேன். அதன் பிறகு அதே தோளில் சாய்ந்து அழுதேன். என் முதுகில் வைத்த கை மட்டும் நடுங்கிக்கொண்டே இருந்தது. அடிபட்டதால் நடுங்குகிறது என்றுதான் நினைத்தேன்.

வாழைக்கன்றும் பலூனும் கட்டிய டிராக்டர் ஒன்று வந்தது. அதன் டிரைவர் தன் வண்டியில் எங்கள் டிரெய்லரை மாட்டி மில்லுக்கு இழுத்துப் போனார். "உங்க கொக்கிப் பின்னு பூசையில இல்லீங்களா?" என்று கேட்டேன். "இருக்குதும்மா. வண்டியில மாட்டி இருக்கறப்பவே பொட்டு வெச்சுட்டோம்," என்றார். நான் திரும்பி என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் மலை இருக்கும் திசையைப் பார்த்தார். மில்லில் லைட் எரிந்தது. நாங்கள் இருவரும் உலக்கையோடு பஸ்ஸில் வீடு திரும்பினோம். அந்த நாளைப் பற்றி அதன் பிறகு அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் பேச்செடுத்தாலும், "அதான் ஒண்ணியும் ஆவலையே," என்று எழுந்து போய்விடுவார். என்ன நெஞ்சழுத்தம் என்று எனக்கு ஆத்திரமாக வரும்.

அடுத்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. கொக்கிப் பின்னை முதலிலேயே எடுத்து ஒளித்துவிட வேண்டுமென்று நான் முடிவு செய்திருந்தேன். அவர் குளிக்கப் போன நேரத்தில் சாமி படத்தின் முன் போய்த் தேடினேன். இலையில் எல்லாம் இருந்தன, அது மட்டும் இல்லை. கடையிலும் இல்லை. பழைய பயம் மறுபடி வந்துவிட்டது. எங்கே போயிருக்குமென்று யோசித்துக்கொண்டே வடைக்கு இஞ்சி இடிக்கச் சமையலறைக்கு வந்தேன். உரலுக்குள், கொஞ்சம் வளைந்துபோன உலக்கையின் பக்கத்தில், பொட்டில்லாமல், துணியில் சுற்றி வைத்திருந்தது அந்தக் கொக்கிப் பின்.

ஈரத் தலையோடு வந்து அவர் வாசற்படியில் நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அது அங்கியே இருக்கட்டும்," என்றார்.

அன்று ரோட்டில் அவரும் பயந்திருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நான் அதைத் தொடவில்லை. அன்றைக்கு வடையில் இஞ்சி போடவில்லை.