நல்லா இருக்கிறவனுக்கு எதற்கு டியூப்?

கிரேன்காரனுக்கு மூலம் வராவிட்டால்தான் அதிசயம் என்று துறைமுகத்தில் சொல்வோம். வெயிலில் காயும் இரும்புக் கேபின், அதற்குள் ஓர் இரும்பு இருக்கை, ஷிப்ட் முழுக்க அதில்தான் உட்கார்ந்திருக்க வேண்டும். அதனால் முதல் தடவை ரத்தம் போனபோது நான் பயப்படவே இல்லை. நமக்கும் வந்துவிட்டது, அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

எனக்கு அடுத்த ஷிப்டில் அதே கிரேனை ஓட்டும் காதரிடம் சொன்னேன். தண்டையார்பேட்டைக்காரன், என் தோஸ்து. கைகொட்டிச் சிரித்தான்.

"வா மாமு, நீயும் நம்ம சங்கத்துல சேந்துக்கினியா? துத்திக் கீரைய வதக்கித் துண்ணு. குந்துற எடத்துல கோணிய மடிச்சுப் போட்டுக்கோ. எல்லாம் சூடுதான்."

துத்திக் கீரையும் கருணைக்கிழங்கும் தின்றே இரண்டு மழைக்காலம் போய்விட்டது. இந்தத் தப்பை மட்டும் நீங்கள் செய்துவிடாதீர்கள். ரத்தத்தோடு சளியும் போனால், பாதித் தூக்கத்தில் எழுந்து ஓட வேண்டியிருந்தால், அதற்கு நீங்களாக ஒரு பெயர் வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். டாக்டர் பெயர் வைக்கட்டும்.

கிரேன்மேல் ஏறிவிட்டால் நினைத்தபோது இறங்க முடியாது. கொக்கியில் சரக்கு தொங்கும், கீழே கப்பலின் சரக்கறையில் ஆட்கள் அண்ணாந்து நிற்பார்கள். எனவே ஷிப்டுக்கு முன்னால் சாப்பிடுவதையே நிறுத்தினேன். அப்படியும் ஒரு நாள், மூட்டைகள் அந்தரத்தில் இருக்கும்போது, அடக்க முடியவில்லை. சரக்கைப் பத்திரமாக இறக்கினேன். பிறகு எல்லோரும் போகும்வரை கேபினை விட்டு இறங்கவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மேலே தனியாக உட்கார்ந்து அழுதேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் பின்வழியாக நேரான ஓர் இரும்பு டியூபை விட்டுப் பார்த்தார்கள். பேரியம் எனிமா (வெள்ளை மருந்தைக் குடலுக்குள் ஏற்றி எடுக்கும் எக்ஸ்ரே) எடுத்தார்கள். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்றார்கள் (பெருங்குடலின் உள்தோல் முழுக்கப் புண்ணாகி ரத்தம் கசியும் நோய்). ஏன் வருகிறது என்று கேட்டேன். தெரியாது என்றார் டாக்டர் அம்மா. படித்தவர்கள் தெரியாது என்று சொல்லி அன்றுதான் முதல்முறை கேட்டேன். கோபம் வந்தது. பிறகு அந்த அம்மாவைத்தான் நம்பினேன்.

இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். சல்ஃபா மாத்திரையும் ஸ்டீராய்டும் (வீக்கத்தை அடக்கும் கடுமையான மருந்து) கொடுத்தார்கள். ஸ்டீராய்டில் என் முகம் பூசணிக்காய் மாதிரி ஊதிவிட்டது. ராயபுரத்தில் எங்கள் தெருவில் எல்லோருக்கும் சந்தோஷம். "சவரிமுத்து சதை போட்டுட்டான், தேறிட்டான்" என்றார்கள். கோயில் வாசலில் ஒருவர் கன்னத்தைக் கிள்ளிக்கூடப் பார்த்தார். உள்ளே ரத்தம் போய்க்கொண்டிருந்தது. கால் உடைந்தவன் கட்டைக் காட்டலாம். நான் எதைக் காட்டுவது? "இன்னா நோவு?" என்று கேட்டவர்களிடம் எல்லாம் வயிற்றுவலி என்றேன்.

தெரிந்த ஒரே ஆள் என் மனைவி பிலோமினா. விடிவதற்கு முன் என் துணிகளை அலசி வீட்டுக்குள்ளேயே கொடி கட்டிக் காயப்போடுவாள். எங்கள் வரிசை வீடுகளுக்குப் பொதுக் கக்கூஸ். யாராவது முணுமுணுத்தால், "அந்தாளுக்கு அவசரம்னா வுடேன், இன்னாத்துக்கு பேஜாரு பண்ற?" என்று எனக்காகச் சண்டை போடுவாள். என்னிடம் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அழுததும் இல்லை.

மெதுவாக அடங்கியது. ரத்தம் நின்றது, முகம் பழைய முகமானது, மறுபடி கிரேன் ஏறினேன். சில வருடங்கள் ஒரு தொந்தரவும் இல்லை. முடிந்தது என்றே நினைத்தேன்.

அப்போதுதான் டாக்டர் அம்மா அதைச் சொன்னார். இந்த நோய் வந்து பல வருடம் ஆனவர்களில் சிலருக்குக் குடலில் புற்று வரலாம். வலி இருக்காது, ரத்தமும் தெரியாமல் இருக்கலாம். வளைகிற புது டியூப் ஒன்று ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறது. கொலனாஸ்கோபி (விளக்குள்ள அந்த டியூபால் பெருங்குடல் முழுவதையும் பார்ப்பது) என்று பெயர். வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்து, அங்கங்கே துளித் துளியாகச் சதை எடுத்துச் சோதிக்கலாம் என்றார்.

"தப்பா ஏதாவது தெரிஞ்சா?"

"பெருங்குடலை எடுத்துடணும். வயித்துல வழி வெச்சு, வெளியில பை மாட்டுவோம்."

"கிரேன் ஓட்டலாமா?"

"எனக்குத் தெரியல. பாக்கறதாலயே எல்லாரும் பொழைச்சுடுவாங்கன்னும் சொல்ல மாட்டேன். வேண்டாம்னு சொல்ற டாக்டர்களும் இருக்காங்க. நீங்கதான் முடிவு பண்ணணும்."

நோயாக இருந்தபோது யாரும் என்னை எதையும் முடிவு செய்யச் சொன்னதில்லை. படு என்றால் படுத்தேன். நன்றாக இருக்கும்போது ஒரு மனிதனை இப்படித் தனியே நிறுத்தலாமா?

கிரேனின் கம்பி வடம் நன்றாகத் தூக்கும்போதே அதைச் சோதிப்பது எங்கள் வழக்கம். பஞ்சுக் கழிவைக் கையில் பிடித்து வடத்தின்மேல் இழுத்துக்கொண்டே போவோம். எங்காவது ஓர் இழை அறுந்திருந்தால் பஞ்சு மாட்டும். காதரிடம் அன்றுதான் எல்லாவற்றையும் சொன்னேன், இதுவும் அப்படித்தானே என்று கேட்டேன். பெரிய நியாயத்தைக் கண்டுபிடித்துவிட்டதாக எனக்கு நினைப்பு.

"போ மாமு. வடம் போனா ஸ்டோர்ல வேற வடம் கீது. உன் கொடலுக்கு எந்த ஸ்டோரு? நல்லாத்தான கீற, நல்லா இருக்கிறவனுக்கு எதுக்கு டியூபு?"

பிலோமினா இன்னும் கறாராக இருந்தாள். "சும்மா கீறத ஏன் நோண்டுற? தேடிக்கினு போனா எதுனா ஒண்ணு ஆப்டத்தான் செய்யும். மறுபடியும் அந்தக் கண்றாவிய என்னால பாக்க முடியாதுய்யா."

குறித்துக் கொடுத்த நாளில் நான் போகவில்லை. வேலைக்குப் போனேன். விட்டது தொல்லை என்றிருந்தது, மதியச் சாப்பாடு வரைக்கும்.

அதன்பின் அந்த வருடம் முழுக்க எனக்கு நிம்மதி இல்லை. கொஞ்சம் வாயு சேர்ந்தாலும் அதுவோ என்று தோன்றும். இரண்டு தடவை கக்கூஸ் போனால் சோறு இறங்காது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. சோதனைக்குப் போகாமல் இருந்தது நான் எடுத்த முடிவு, அதற்குப் பயப்பட எனக்கு உரிமை இல்லை என்று ஒரு வீம்பு. வீட்டில் மனைவி, வேலையில் நண்பன், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அத்தனை ஜனம். அவ்வளவு தனியாக நான் வார்டில்கூட இருந்ததில்லை.

ஒரு நாள் காலையில் கக்கூஸிலிருந்து திரும்பினேன். பிலோமினா வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

"இன்னைக்கு இன்னா பாத்த?"

"இன்னாத்த பாத்தேன்?"

"பொய் சொல்லாத. தெனம் காத்தால குனிஞ்சு குனிஞ்சு பாத்துட்டு, சாவு வூட்டுக்குப் போயிட்டு வந்தவன் மாரி வர. அந்த மூஞ்சிய நான் பாக்கல? ஒரு வருசமா பாத்துக்கினுதான் கீறேன். நான்தான் வாணான்னேன். தப்புய்யா. வருசத்துக்கு ஒரு தபா அந்த டாக்டரம்மா பாக்கட்டும். மிச்ச நாளு நீ பாக்காத."

மறைத்துவிட்டதாக நினைத்த அந்தத் தினசரிச் சோதனையை அவளும் என்னோடு சேர்ந்து செய்துகொண்டிருந்திருக்கிறாள், என் முகத்தில்.

"நீ வரியா?" என்றேன்.

"வர மாட்டேன். எனக்குப் பயமா கீது."

தனியாகத்தான் போனேன். வலிக்குமா என்று நீங்கள் கேட்பீர்கள். முந்தின நாள் வெறும் கஞ்சித் தண்ணீர், அப்புறம் எனிமாமேல் எனிமா. அது பெரிய ரோதனை. டியூப் திரும்பும் இடங்களில் உயிர் போகிற மாதிரி வலித்தது. காற்றை ஏற்றுவதால் வயிறு உப்பிக்கொண்டது. இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்துச் சுவரில் பெயர்ந்திருந்த சுண்ணாம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாதாவைக் கூப்பிட்டேன். கொஞ்சம் கெட்ட வார்த்தையும் சொன்னேன். டாக்டர் அம்மா இரண்டையும் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

சதைச் சோதனை முடிவு வர நாள் பிடித்தது. போய்க் கேட்டேன். பழைய தழும்புகள் இருக்கின்றன, மாற்றம் எதுவும் இல்லை என்றார். "அடுத்த வருஷம் வாங்க."

அவ்வளவுதான். வெளியே வந்து நின்றேன். யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. காதரிடம் எனக்கு ஒன்றுமில்லையாம் என்றால், உனக்கு இன்னா இருந்துச்சு என்று கேட்பான். நோய் தீர்ந்தவனுக்கு ஊர் கூடும். ஒன்றும் நேராமல் இருந்தவனுக்கு யார் கூடுவார்கள்? கல்மண்டபத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, வீட்டுக்குப் போகாமல் கடல் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன்.

இதுவரை நான்கைந்து தடவை போய்விட்டேன். நான் போனேன் என்பதற்காக நீங்களும் போங்கள் என்று சொல்ல மாட்டேன். பார்க்காமல் இருந்தால் மறந்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். எனக்கு மறக்கவில்லை. இப்போது என் வயிறு என்னுடையதாக இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒரு வருடத்துக்குத்தான். முன்பெல்லாம் வருடங்களை நான் கவனித்ததே இல்லை.

அந்த முதல் தடவை, கடற்கரையிலிருந்து தெருவுக்குள் நுழைந்தபோது பிலோமினா அடிபம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள். பின்னால் குடங்களோடு பெண்கள் வரிசை. அத்தனை பேர் நடுவில் என்ன சொல்வது? தூரத்திலிருந்தே இல்லை என்று தலையை ஆட்டினேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. என்னையே பார்த்துக்கொண்டு அடித்தாள். குடம் நிறைந்து வழிந்தது. அடித்துக்கொண்டே இருந்தாள்.

"அடியே பிலோமினா, ரொம்பிடுச்சுடி! கண்ணு தெரியல?" என்று பின்னால் நின்றவள் கத்தினாள்.

"தெரிது, தெரிது" என்றாள் பிலோமினா. அவள் அழுது அன்றுதான் நான் பார்த்தேன்.