நான் இருக்கற வரைக்கும்

என் அத்தானைப் போன்ற வெள்ளந்தி மனிதரைத் தெருவுக்கு ஒருவராக நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த வீட்டில் என்னைப் போல ஒருத்தி கத்திக்கொண்டும் இருந்திருப்பாள். கத்தி என்ன பிரயோஜனம்? கேட்கிற காது இருந்தால்தானே.

அத்தான், அதாவது என் அக்காவின் கணவர், ரொட்டி போடுகிறவர். மீசை முளைக்கும் முன்பே மாவு பிசையப் போனார். பாதி ஆயுள் அடுத்தவன் அடுப்பிலேயே வெந்துபோயிற்று. சொந்தமாக ஓர் அடுப்பு கட்ட வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. அதைச் சொல்லிக்கொண்டே இருக்க ஓர் ஆள் வேண்டும் என்றுதான் அக்காவைக் கட்டிக்கொண்டார் என்று நான் கேலி செய்வேன். அவர் சிரிப்பார்.

எனக்கு நீதிமன்றத்துக்கு எதிரே ஒரு வக்கீலிடம் தட்டச்சு வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒப்பந்தம், ஒப்பந்தம், ஒப்பந்தம். கடை வாடகை, கூட்டு வியாபாரம், வண்டிக் குத்தகை. எல்லாவற்றின் கடைசியிலும் ஒரு வரி வரும்: ‘இவ்வொப்பந்தம் இரு தரப்பாரின் வாரிசுகளையும் கட்டுப்படுத்தும்.’ தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் என் விரல்கள் அதை அடித்துவிடும்.

அத்தானுக்கு ஒரு பழைய சிநேகிதர், மரக்கடைக்காரர். அவர் கடையின் பின்பக்கம் தகரம் போட்ட கொட்டகை ஒன்று சும்மா கிடந்தது. ஒரு நாள் அவரே சொன்னார்: “உன் அடுப்ப இங்க கட்டிக்கோப்பா. நான் இருக்கற வரைக்கும் உனக்கு என்ன கவலை?” பழம் நழுவிப் பாலில் விழுந்துவிட்டது என்று அத்தான் எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தார்.

“நல்லது அத்தான். அதையே ஒரு தாள்ல எழுதிக்குவோம்” என்றேன். மறுநாள் நானே அடித்தேன். இடம் எத்தனை வருஷத்துக்கு, அடுப்பு யாருடையது, இடத்தை விற்றால் எவ்வளவு அவகாசம், கட்டின செலவுக்கு யார் பொறுப்பு, கடைசியில் அந்த வாரிசு வரி. இரண்டே பக்கம். அத்தான் அதைக் கையால்கூடத் தொடவில்லை.

“இத நீட்டிட்டு அவன் மூஞ்சிய நான் எப்படிப் பாக்கறது? உன்ன நம்பலைன்னு சொல்ற மாதிரி ஆயிடாதா?”

“நம்பறதாலதான் எழுதறோம். நம்பாத ஆள்கிட்ட யாரு எடம் கேப்பா?”

“உனக்கு எல்லாமே கேஸ்தான்” என்றார். அக்காவும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டாள். “சும்மா இருடி. நல்ல காரியம் நடக்கறப்போ குறுக்க பேசாத.” சொன்னால் பொல்லாப்பு. அவரைத் தூக்கிக்கொண்டு போய்க் கையெழுத்து வாங்க என்னால் முடியுமா என்ன?

அக்காவின் நகைகள் செங்கல்லாயின. அடியில் மணலும் உடைந்த கண்ணாடியும் கொட்டி, மேலே வில் போல வளைத்துக் கட்டிய பெரிய அடுப்பு. இந்த மாதிரி அடுப்பைக் கழற்றி வண்டியில் ஏற்ற முடியாது. கட்டின இடத்தில் இருந்தால் இருக்கும், இல்லையென்றால் இல்லை. அத்தான் உள்ளே கையை நீட்டியே சூடு பார்ப்பார். முழங்கை வரை ரோமமே கிடையாது. விடிவதற்குள் ஆஸ்பத்திரிக் கேண்டீன்காரனும் டீக்கடைக்காரர்களும் கொட்டகை வாசலில் நிற்பார்கள். அக்கா அவர்களுக்கு எண்ணிப் போடுவாள். ரொட்டி வெந்த வாசனை அவள் தலைமுடியிலேயே குடியேறிவிட்டது. அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

அத்தான் வாடகையைக் கையில் கொடுப்பார். சில மாதம் மரக்கடைக்காரர், “அத நீயே வெச்சுக்கோ, சாயங்காலம் ரெண்டு ரொட்டி அனுப்பு” என்பார். ரசீது என்ற சொல்லுக்கு அந்தக் கொட்டகையில் வேலையே இல்லை.

ஒரு மத்தியானம் மரக்கடைக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்தார். சொந்தப் பிள்ளைகளைவிட அத்தான்தான் அதிகம் அழுதார். துக்கத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் அவர் அடுப்பிலிருந்துதான் ரொட்டி போயிற்று.

பிறகு மகன் வந்தான். அவன் கெட்டவன் இல்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். கெட்டவனாக இருந்திருந்தால் திட்டித் தீர்க்கவாவது எனக்கு ஓர் ஆள் கிடைத்திருப்பான். வெளியூரில் வேலை, கூடப் பிறந்தவர்களுக்குப் பங்கு பிரிக்க வேண்டும், கடையையும் கொட்டகையையும் சேர்த்துக் கேட்க ஓர் ஆளும் வந்துவிட்டான். கொட்டகையில் மாவு மூட்டை மேல் உட்கார்ந்து மரியாதையாகத்தான் பேசினான். நானும் அங்கே இருந்தேன்.

“அங்கிள், அப்பா உங்களுக்கு ஏதாவது எழுதிக் குடுத்திருந்தா காட்டுங்க. வாங்கறவங்ககிட்ட நானே பேசிப் பாக்கறேன்.”

“எழுதிக் குடுத்ததெல்லாம் இல்ல தம்பி. வாயால சொன்னதுதான்.”

“என்ன சொன்னாரு?”

நான் அத்தானின் முதுகில் கிள்ளினேன். அந்த மனிதருக்குப் பொய்யும் வராது, பாதி உண்மையும் வராது. சாட்சிக் கூண்டில் நிற்பவர் போல நிமிர்ந்து, ஒரு சொல் மாற்றாமல் சொன்னார்: “‘நான் இருக்கற வரைக்கும் உனக்கு என்ன கவலை’ன்னு சொன்னாரு.”

சொல்லி முடித்த பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. மகன் தலையைக் குனிந்துகொண்டான். “அப்பா சொன்ன சொல்லக் காப்பாத்திட்டாரு, அங்கிள்” என்றான். கேலியாக இல்லை, மெதுவாகத்தான்.

நம் வாயில் அந்தப் பேச்சு ஒரு நாளைக்கு எத்தனை தடவை வருகிறது. நோயாளியிடம் சொல்கிறோம், கடன் வாங்கியவனிடம் சொல்கிறோம், கல்யாணமாகிப் போகிற தங்கையிடம் சொல்கிறோம். அதில் ஒரு கெடு ஒளிந்திருக்கிறது என்று யார் நினைக்கிறார்கள்? ஆயுளுக்கும் என்று காதில் விழுகிறது. யாருடைய ஆயுள் என்று ஒருவரும் கேட்பதில்லை.

அத்தானை என் வக்கீலிடம் அழைத்துப் போனேன். ரசீது இருக்கிறதா என்றார், இல்லை. அடுப்பு கட்டச் சம்மதம் என்று ஒரு துண்டுச் சீட்டு? இல்லை. “கையெழுத்து வாங்கலைன்னா அப்புறம் தலையெழுத்துதான்” என்று தன் பழைய ஜோக்கை எடுத்துவிட்டார். வழக்கமாக அதற்குச் சிரித்துவைப்பேன். அன்று அந்தத் தட்டச்சு இயந்திரத்தைத் தூக்கி அவர் மேலேயே போடலாம் போல இருந்தது. கேஸ் போட்டு இழுக்கலாமாம், ஆனால் முடிவதற்குள் கொட்டகையும் இருக்காது, கையில் காசும் இருக்காது. தும்பை விட்டு வாலைப் பிடிக்க வந்திருந்தோம், வேறென்ன. வெளியே படியில் அத்தான் என்னிடம் கேட்டார்: “நீ அன்னிக்கு அடிச்சியே, அதுல இதெல்லாம் இருந்துச்சா?” இருந்தது என்றேன்.

விறகை நிறுத்திய பிறகும் அடுப்பு லேசில் ஆறவில்லை. இடிக்க வந்தவர்களில் ஒருவன் உள்செங்கல்லைத் தொட்டுவிட்டுக் கையை உதறினான். “பொறுங்கப்பா, கை வெந்துடும், நாளைக்கு வாங்க” என்று அத்தானே அவர்களைத் திருப்பி அனுப்பினார். அவர்கள் திரும்ப வந்து கடப்பாரையைப் போட்டபோது அக்கா என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அந்தச் சத்தத்தை நான் கேட்டேன். வேண்டாம், அதைச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

டீக்கடைக்காரர்கள் ஒரு வாரம் விசாரித்தார்கள், பிறகு வேறிடத்தில் வாங்கப் பழகிவிட்டார்கள். அத்தான் சுவரைப் பார்த்தபடி படுத்துக் கிடந்தார். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், கூப்பிடாவிட்டால் அதுவும் இல்லை. கடைசியில் அக்காதான் சொல்லிச் சொல்லி, இயந்திரத்தில் ரொட்டி போடும் கம்பெனி ஒன்றுக்கு அவரை வேலைக்கு அனுப்பினாள்.

அங்கே சேர்த்துக்கொண்ட அன்று நேராக என் ஆபீசுக்கு வந்தார். ஒரு தாளை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். “பாரு, எழுதிக் குடுத்திருக்காங்க. சீல் எல்லாம் இருக்கு. நான் கையெழுத்துப் போட்டாப் போதுமாம்.”

வாங்கிப் படித்தேன். தேர்ந்த கை எழுதியது, ஓர் ஓட்டை கிடையாது. எல்லாம் கம்பெனி பக்கம். காரணம் சொல்லாமல் எப்போது வேண்டுமானாலும் அவரை நிறுத்தலாம். அவர் அங்கே இருக்கும் காலத்திலும், வெளியேறிய பின் ஐந்து வருஷத்துக்கும், சொந்தமாக ரொட்டித் தொழில் எதுவும் தொடங்கக் கூடாது.

“இத முழுசாப் படிச்சீங்களா அத்தான்?”

“எதுக்குப் படிக்கணும்? அதான் எழுதிக் குடுத்துட்டாங்கல்ல.”

அந்தக் கடைசி வரியை அவருக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். திரும்பவும் ஒரு தடவை படித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“ஆமா, இனிமே யாரு தொடங்கப் போறா” என்றார். என் மேசையிலிருந்த பேனாவை எடுத்தார். நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக, தன் பெயரை எழுதினார்.