கொல்லையில் தொங்கிய சிடி

புதுப் புத்தகத்தின் அட்டைப் பசை வாசனை எல்லோருக்கும் தெரியும். என்னுடைய புத்தகத்தில் அதோடு மக்காச்சோளத் தூசியின் வாசனையும் சேர்ந்திருந்தது. மூட்டைகள் அடுக்கிய அறையில்தான் எங்கள் வீட்டில் படிப்பும் படுக்கையும் என்பதால், பக்கத்தைப் புரட்டியதும் மூக்கில் ஒரு நமைச்சல் ஏறும், இரண்டு தும்மல் போட்ட பிறகுதான் பாடம் தொடங்கும். இன்றைக்கும் சோளம் காயவைத்த களத்தைக் கடந்து போனால் எனக்கு நினைவுக்கு வருவது கம்ப்யூட்டர் மொழியின் ‘இஃப்’, ‘எல்ஸ்’ என்ற இரண்டு சொற்கள்தான். வேறு யாருக்காவது இப்படி ஒரு கோளாறு இருக்குமா என்று தெரியவில்லை.

வேப்பந்தட்டைக்கு மேற்கே, பச்சைமலை நன்றாகத் தெரிகிற தூரத்தில் எங்கள் ஊர். நான் பத்தாம் வகுப்புப் படித்தபோது, பெரம்பலூரில் நடந்த புத்தகக் கண்காட்சிக்கு அப்பா என்னையும் தங்கை மலரையும் கூட்டிப்போனார். எதை எடுப்பது என்று நான் முழித்துக்கொண்டிருக்க, அப்பா தடியான ஒரு புத்தகத்தைத் தூக்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். வெப்சைட் செய்வதற்கான பி.எச்.பி. என்கிற கம்ப்யூட்டர் மொழியை, ஒன்றும் தெரியாதவர்களுக்கு ஆரம்பத்திலிருந்து தமிழில் சொல்லித்தரும் புத்தகம் அது. அப்பாவைக் கவர்ந்தது மொழி அல்ல, பின்னட்டையின் உறைக்குள் பளபளத்த சிடி. “புக்கு வாங்குனா சிடி சும்மா தராங்களாம் பாப்பா, இதையே எடுத்துக்க” என்றார். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை என்பது எங்கள் மூவரில் யாருக்கும் அப்போது ஒரு குறையாகத் தோன்றவில்லை.

முதல் அத்தியாயம், சிடியில் உள்ள மென்பொருளைக் கம்ப்யூட்டரில் நிறுவுவது பற்றியது. அது கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கானது என்று நானே முடிவுசெய்து, இரண்டாம் அத்தியாயத்திலிருந்து படிக்கத் தொடங்கினேன். என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய தவறுகளில் ஒன்று அது, ஆனால் அதன் பலனைப் பார்க்கும்போது அதைத் தவறு என்று சொல்லவும் மனம் வரவில்லை.

எங்கள் அப்பாவுக்கு எந்தப் பொருளும் ‘சும்மா கெடக்க’க் கூடாது. உரச்சாக்கு எங்கள் வீட்டில் கதவுக்குத் திரையாகும், கிழிந்த டயர் தொட்டிக்கு முட்டுக் கொடுக்கும், பழைய காலண்டர் நோட்டுக்கு அட்டையாகும். அப்படிப்பட்டவர் கண்ணில், உறைக்குள் மூன்று மாதமாக வேலையில்லாமல் கிடந்த சிடி எப்படித் தப்பும்? மார்கழியில், எங்கள் பக்கம் ‘கொல்லை’ என்று சொல்லும் மானாவாரி நிலத்தில், மக்காச்சோளக் கதிர் பால்பிடிக்கிற நேரம் பார்த்துக் கிளிகள் கூட்டமாக இறங்கின. அப்பா சிடியின் நடு ஓட்டையில் நூலைக் கோத்து, ஒரு மூங்கில் கழியில் கட்டிக் கொல்லையின் நடுவில் நட்டுவிட்டார். காற்றில் அது சுற்றும்போது சோளத் தோகை முழுக்க வானவில் துண்டு துண்டாய் ஓடும். நானும் மலரும் வரப்பில் நின்று கைதட்டினோம். கிளிகள் எங்கேயோ போய்விட்டன.

பரீட்சை முடிந்து கோடை லீவு விட்டபோதுதான் பி.எச்.பி. எனக்கு முழுநேர வேலை ஆனது. ஹோட்டலில் நாம் கேட்பதைச் சப்ளையர் உள்ளே போய்ச் சொல்ல, சமையற்கட்டில் தயாராகி இலைக்கு வருவதுபோல, உள்ளே இருந்து பதில் தயாரித்து அனுப்புவதன் பெயர் ‘சர்வர்’ என்று புத்தகம் சொன்னது. கம்ப்யூட்டர்தான் இல்லையே தவிர, உள்ளே உட்கார ஆள் இருந்தது. மலரை ஜன்னலுக்கு உள்பக்கம் உட்காரவைத்து, நான் நிரலை, அதாவது கம்ப்யூட்டருக்கான கட்டளைகளை, எழுதிவைத்த லாங் சைஸ் நோட்டை அவளிடம் கொடுத்துவிட்டு வெளியே நின்றுகொள்வேன். ஒரு துண்டுக் காகிதத்தில் மணி எழுதி ஜன்னல் வழியாக நீட்டினால், அவள் நோட்டில் ஒவ்வொரு வரியாக விரல்வைத்துப் போய், பதிலை எழுதி வெளியே தருவாள். இந்த மணிக்கு வந்தால் அடுத்த பெரம்பலூர் பஸ் எப்போது என்று சொல்வதுதான் என் நிரலின் வேலை. என் தங்கை என்பதற்காக மன்னித்துவிடுகிற ரகம் அல்ல அவள். “எட்டு மணிக்கு எழுதியிருக்க, ஒம்போது மணிக்கு ஒண்ணும் எழுதல. ஒம்போதுக்கு வர்றவ நடந்தே போவாளா?” என்று நோட்டையே தூக்கி வெளியே போடுவாள். எனக்கு இன்றுவரை கிடைத்த சர்வர்களில் அவ்வளவு வாயாடி வேறு எதுவும் இல்லை.

பஸ்ஸைப் பற்றி நிரல் எழுதியதற்குக் காரணம் இருந்தது. பதினொன்றாம் வகுப்பில் கம்ப்யூட்டர் குரூப் எடுக்க வேண்டுமானால் நான் தினமும் பெரம்பலூர் போயாக வேண்டும். பக்கத்துப் பள்ளியில் அந்த குரூப் இல்லை. “எப்ப வரும் எப்ப போவும்னு தெரியாத பஸ்ஸ நம்பி புள்ளைய அனுப்ப முடியுமா?” என்று அப்பா அதோடு பேச்சை முடித்துவிட்டார். நான் விடவில்லை. இரண்டு நாள் சோறு தண்ணீர் சரியாக இறங்காமல் நான் நோட்டும் கையுமாகத் திரிந்ததைப் பார்த்து, அவராகவே ஒரு வழி சொன்னார். “அந்த நோட்டுல இருக்கறது நெசமாவே கம்ப்யூட்டர்ல வருதான்னு பாப்போம். வந்தா பெரம்பலூர். வரலன்னா இங்கயே படிக்கணும், அப்பறம் மூஞ்சத் தூக்கிவச்சிக்கக் கூடாது.”

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம், மாடியில் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. அதை நடத்திய அக்கா ஒரு கம்ப்யூட்டரைக் காட்டிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அப்பா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். ஒற்றை விரலால் நோட்டில் இருந்ததை எல்லாம் தட்டி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. புத்தகத்தில் சொன்ன பெயரில் சேமித்து, இரண்டு தடவை கிளிக் செய்து திறந்தேன். மணி எழுத ஒரு கட்டமும் கீழே ஒரு பட்டனும் வந்திருக்க வேண்டும். வந்தது, நான் தட்டிய அதே வரிகள், கருப்பு எழுத்தில், மேலிருந்து கீழ்வரை. மறுபடி திறந்தேன், மறுபடியும் அதேதான். பெரம்பலூர் கைவிட்டுப் போனது என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரைக்கு அருகே குனிந்தார். மடியில் கிடந்த நோட்டை எடுத்து ஒரு பார்வை, திரையில் ஒரு பார்வை. “என்ன பாப்பா, வரிக்கு வரி டாலர் டாலரா வருது?” என்றார். பெயர்களுக்கு முன்னால் டாலர் குறி போடுவது அந்த மொழியின் வழக்கம் என்றேன். அவர் விரல் மெல்லக் கீழே இறங்கி ஓர் இடத்தில் நின்றது. “ஏழே முக்கால். இந்தா இருக்கு. அடுத்தது எட்டு இருவது, அதுவும் இருக்கு. நோட்டுல எழுதுனது ஒரு எழுத்து பிசகாம வந்துருக்கே.” பிறகு அந்த அக்காவைத் திரும்பிப் பார்த்து, “எம் பொண்ணு செஞ்சதுங்க” என்றார்.

வந்தது தப்பு என்று அவரிடம் சொல்லாமல் நோட்டை மூடி எடுத்துக்கொண்டேன். வீடு வந்து சேரும்வரை பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்து அழுகையை அடக்கிக்கொண்டே வந்தேன். அடுத்த வாரம் அப்பா என்னைப் பெரம்பலூரில் சேர்த்துவிட்டார்.

பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய நாட்களில், அதே ஏழே முக்கால் பஸ்ஸில் நின்றுகொண்டுதான் அந்தப் புத்தகத்தின் முதல் அத்தியாயத்தை முதல்முறையாகப் படித்தேன். சர்வர் என்பது தானாக வராது, சிடியில் இருக்கிற மென்பொருளை ஏற்றினால்தான் வரும் என்று அதில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. சென்டரில் நான் திறந்த பக்கத்துக்கு உள்ளே ஆளே இல்லை! சிடியில் இருந்த அந்த ஆள் அதற்குள் கொல்லையில் மழையிலும் வெயிலிலும் தொங்கி, மேல்பூச்சு உரிந்து, ஒன்றுக்கும் உதவாமல் போயிருந்தார். சென்டர் அக்காவிடம் போய் விவரம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, எங்கிருந்தோ அந்த மென்பொருளைத் தேடி இறக்கி, மூலையில் இருந்த கம்ப்யூட்டரில் ஏற்றிவைத்து, சனிக்கிழமைகளில் அதை எனக்கென்றே விட்டுவிட்டார். முதல் சனிக்கிழமை, கட்டத்தில் ஏழு என்று எழுதி பட்டனை அழுத்தியதும் ஏழே முக்கால் பஸ் என்று பதில் வந்தது. அதைக் கேட்ட மலர், “அப்ப எனக்கு இனிமே வேலையில்லயா?” என்று மட்டும்தான் கேட்டாள். அந்த அக்காவுக்கு நான் சரியாக நன்றி சொல்லவே இல்லை என்பது இப்போதும் உறுத்துகிறது.

அரியலூரில் வாழ்க்கைப்பட்டு, வீட்டில் இருந்தபடியே அதே பி.எச்.பி.யில் வேலை பார்த்து இப்போது சம்பாதிக்கிறேன். அந்த பிரவுசிங் சென்டர் இல்லை, அதன் மாடிப்படியில் இன்று செல்போன் உறைகள் தொங்குகின்றன. சிடி ஒட்டிய புத்தகம் வருவதில்லை, என் லேப்டாப்பில் சிடி போட இடமும் இல்லை. அப்பாவே கொல்லையில் கிளி விரட்ட மினுமினுக்கிற ரிப்பனுக்கு மாறிவிட்டார். ஒரு எழுத்து பிசகாமல் வந்த கதையை மட்டும் அவர் விடவில்லை, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, கொல்லை வரப்பில் வைத்து, மனது கேட்காமல் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அன்றைக்கு வந்தது தப்பு, சிடி இல்லாததால் வந்த தப்பு, அதைச் சொல்லாமல் மறைத்துவிட்டேன் என்று. அப்பா தளர்ந்திருந்த ரிப்பனை இழுத்துக் கட்டிக்கொண்டே கேட்டார்.

“ஏழே முக்கால் பஸ் வந்துச்சுல்ல?”

“வந்துச்சுப்பா.”

“அப்பறம் என்ன? அந்த வருசந்தான் கிளி ஒரு கதிரத் தொடல. அந்தச் சோளத்த வித்துத்தான் ஒன்ன பெரம்பலூர்ல சேத்தேன்” என்றார் அப்பா. “அந்த சிடி என்ன, சும்மாவா கெடந்துச்சு?”