பொருத்தம் கேட்க வந்தவர்கள்

நிந்தவூரில் எங்கள் ஒழுங்கையில் ஸம்றாவைத் தெரியாதவர் இல்லை. பாலர் பாடசாலை டீச்சர். வகுப்பே சேர்ந்து அழுதாலும் குரலை உயர்த்தமாட்டாள். ஆனால் அவளுடைய உம்மா ஆயிஷா உம்மாவுக்கு மார்பில் வந்த புற்றுநோய் ஈரலுக்கும் போய்விட்டது என்று டொக்டர் சொன்ன அன்று அவள் பயந்துவிட்டாள். பயத்தில் காக்கா சொன்னபடியெல்லாம் கேட்டாள்.

காக்கா என்றால் அவளுடைய மூத்த சகோதரர், அபுல் ஹஸன். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு; ஆண்பிள்ளை கலியாணம் முடித்தால் பெண்சாதி வீட்டுக்குப் போய்விடுவான். அவரும் அட்டாளைச்சேனைக்குப் போய்ப் பல வருடம். உம்மாவைக் குளிப்பாட்டுவது, வாந்தி ஏந்துவது, கொட்டிய முடியைக் கூட்டி அள்ளுவது எல்லாம் ஸம்றா. முடிவு மட்டும் அட்டாளைச்சேனையிலிருந்து போனில் வரும்.

"உம்மாட்ட ஒண்டும் செல்லாத. கட்டி கரையிற மருந்து எண்டே செல்லு. தெரிஞ்சா மனசு உடைஞ்சிரும்" என்பார். கெட்ட மனிதரில்லை. உம்மா மீது உயிரையே வைத்திருந்தார், அதுதான் பிரச்சினை.

உம்மாவைத் தவிர ஊருக்கெல்லாம் சொல்லி, ஊரின் வாய்க்கும் பூட்டுப் போட்டார்கள். வருத்தம் பார்ப்பது, அதாவது நோயாளியைப் போய்ப் பார்ப்பது, எங்களுக்குக் கடமை, வராமல் இருப்போமா? தோடம்பழமும் பால்மா டின்னும் ஓதிய தண்ணீரும் வந்து குவிந்தன. "சின்னக் கட்டிதானே, சுகமாயிரும்" என்று எல்லாரும் சொல்லிவைத்தபடியே சொன்னார்கள். ஆனால் எழுந்து போகும்போது ஒவ்வொருவரும் ஆயிஷா உம்மாவின் கையைப் பிடித்து, "என்னப் பொருத்துக்கோங்க" என்றார்கள்.

மவுத்தாகப் போகிறவரிடம், சாவை எதிர்பார்த்துக் கிடப்பவரிடம், கேட்கிற மன்னிப்பு அது. கேட்காமல் விட்டால் மறுமையில் மாட்டிக்கொள்வோம் என்று பயம். நோயின் பெயரை மறைக்கலாம், இதை எப்படி விடுவது?

பக்கத்து வீட்டு நாச்சியா ஒரு படி மேலே போனாள். "சின்னக் கட்டிதான் மச்சி" என்று ஆறுதல் சொல்லி வாசல்வரை போனவள் திரும்பி வந்து, முன்னொரு காலம் வேலி தாண்டி வந்த இவர்கள் கோழியைப் பிடித்து ஆணம் காய்ச்சித் தின்றதைச் சொல்லி அழுதாள்.

அவள் போனதும் ஆயிஷா உம்மா மகளைக் கூப்பிட்டார்.

"சின்னக் கட்டிக்கு ஏன்கா இவள் கோழிய ஒத்துக்கொள்றாள்?"

ஸம்றா கட்டிலில் உட்கார்ந்தாள். இனி மறைக்க அவளுக்குத் தெம்பில்லை.

"புற்றுநோய் உம்மா. ஈரலுக்கும் போயிட்டு."

கிழவி மகளின் கன்னத்தைத் தடவினார். "இவ்வளவு நாளும் இதத் தனியவா வச்சிட்டு இரிந்த?" என்று கேட்டார். அதற்குத்தான் ஸம்றா அழுதாள்.

அடுத்த கிளினிக் மட்டக்களப்பில். ஏற்றிய மருந்து பலிக்கவில்லை, இன்னொன்றை ஏற்றுவதா என்று முடிவு செய்யவேண்டிய நாள். வழக்கமாக அபுல் ஹஸன் உள்ளே போவார், உம்மா வெளியே வாங்கில் இருப்பார். அன்று ஸம்றா சக்கர நாற்காலியை உள்ளே தள்ளிக்கொண்டுபோய் டொக்டரின் மேசைக்கு நேரே நிறுத்தினாள்.

"காக்கா, நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க. டொக்டர், உம்மாக்கு எல்லாம் தெரியும். உம்மாட்டயே கதைங்க." பாலர் பாடசாலையில் பேசுகிற அதே குரல்.

டொக்டர் ஒளிக்காமல் சொன்னார். புதிய மருந்து நோயை மாற்றாது. சிலருக்குச் சில மாதம் கூடலாம், கூடாமலும் போகலாம். வாந்தியும் வாய்ப்புண்ணும் முன்னதைவிடக் கடுமையாக இருக்கும். ஏற்றாவிட்டால் நோய் தன் பாட்டில் வளரும். வலிக்கு மருந்து தந்து வீட்டிலேயே வைத்துப் பார்க்கலாம்.

"ஏத்தினா ஹஜ்ஜுப் பெருநாளைக்கு எனக்குச் சோறு உண்ண ஏலுமா?"

"கஷ்டம்தான் அம்மா."

"அப்ப வேணாம்."

அபுல் ஹஸன் முன்னால் வந்தார். "உம்மா, ஒண்டும் செய்யாம விட்டுட்டம் எண்டு ஊர் கதைக்கும்."

"ஊர் வந்து எனக்காக வாந்தி எடுக்குமா மகன்?"

அவர் எல்லார் முன்னாலும் விம்மினார். ஸம்றா அவருக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டைப் பார்த்திருக்கவேண்டும். வலி மருந்தை ஸம்றா நேரம் தவறாமல் கொடுத்தாள். வலி கூடினால் கிளினிக்குக்கு அவளே போன் எடுத்தாள். அட்டாளைச்சேனையின் உத்தரவுக்குக் காத்திருக்கவில்லை. மருந்தின் வாந்தி நின்றதும் ஆயிஷா உம்மாவுக்குப் பழைய வாய் திரும்பி வந்தது. நாச்சியாவைக் கூப்பிட்டு, "பொருத்துக்கிட்டன். ஆனா ஒரு கோழி காய்ச்சித் தா" என்றார். நாச்சியா காய்ச்சினாள், உப்புப் போதாது என்று ஏச்சும் வாங்கினாள். ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு ஆட்டோவில் கடற்கரைக்குப் போய், வழியெல்லாம் பள்ளத்தில் விட்டதற்கு டிரைவரை ஏசிக்கொண்டே கடலைப் பார்த்தார். உடம்பு மெலிந்துகொண்டுதான் வந்தது. அவர் அதை ஒரு பொருட்டாக எடுக்கவில்லை.

ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. வழக்கத்துக்கு மாறாக அபுல் ஹஸன் காலையிலேயே பெண்சாதி பிள்ளைகளோடு உம்மாவிடம் வந்துவிட்டார். பாய் விரித்து, சேர்ந்து உண்ணும் பெரிய சஹன் தட்டை நடுவில் வைத்து, எல்லாரும் சுற்றி இருந்தார்கள். ஆயிஷா உம்மாவால் தானாக நிமிர்ந்து உட்கார ஏலாது. ஸம்றா பின்னால் உட்கார்ந்து அவரைத் தன் நெஞ்சில் சாய்த்துக்கொண்டாள். அவர் ஒரு பிடி அள்ளி வாயில் வைத்து, மென்று, விழுங்கினார்.

அபுல் ஹஸனுக்குத் தாங்கவில்லை. ஊரெல்லாம் கேட்டதை அவர் மட்டும் இதுவரை கேட்டிருக்கவில்லை.

"உம்மா, என்னப் பொருத்துக்கோங்க."

"உன்ன எப்பவோ பொருத்திட்டன். இப்ப அந்த இறைச்சிய இங்கால தள்ளு."

அவர் தள்ளினார். உம்மா உண்டார்.