மெமரிக்கு ஒன்றரை வோல்ட்

இந்த மாதத்துக்குள் ஆய்வேட்டைத் தராவிட்டால் என் பதிவு ரத்து. புதுக் கணினிக்கு வழியில்லாததால், பழையதன் ப்ராசஸர் வேகத்தைப் படிப்படியாகக் கூட்டினேன். சூடு ஏறாமல் பார்த்துக்கொண்டேன். மெமரிக்கு, அதன்மேல் அச்சிட்டிருந்த ஒன்றரை வோல்ட்டுக்கு மேல் கொடுக்கவில்லை. சோதனையில் ஒரு பிழையும் இல்லை.

இன்று காலை, பல நாளாக ஓடிய ஆய்வுக் கணக்கு முடியப்போகும் நேரத்தில் காற்றடித்து மின்சாரம் தள்ளாடியது. யூபிஎஸ் கீச்சென்று கத்தி அணைந்தது. நடுவில் சேமித்திருந்த கோப்பும் திறக்கவில்லை.

தெருமுனைக் கம்பத்திலிருந்து இறங்கிய லைன்மேனிடம், "எத்தனை வோல்ட்டுப்பா வருது?" என்றேன்.

"வீட்டுல லைட்டு எரியுதா டீச்சரே?"

"மங்கலா எரியுது."

"பொறவென்ன? வருதுன்னு வச்சுக்கிடுங்க."

மறுபடி ஓட்ட நாளில்லை. மெமரிக்கு நூறில் ஒரு பங்கு வோல்ட் கூடிவிடக் கூடாதென்று பயந்தவள் நான்.

உங்கள் வீட்டில் லைட் எரிகிறதா?